கம்பெனி போனது, படகு என்ன செய்யும்?

ஒரு மோட்டார் படகு கரையில் நிற்கிறது. அடிப்பாகத்தில் ஓட்டையில்லை. என்ஜின் சிலிண்டரில் தேய்மானம் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு ரப்பர்ச் சக்கரம் மட்டும் கிழிந்துவிட்டது. என்ஜின் சூடாகாமல் இருக்கத் தண்ணீரை மேலே தள்ளும் சக்கரம் அது. அது இல்லாமல் ஓட்டினால் சில நிமிஷங்களில் என்ஜின் கொதித்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கடையில் போய்க் கேட்டால், "அந்தக் கம்பெனியே இப்போது இல்லை ஐயா" என்று கையை விரிக்கிறார்கள். ஒரு துண்டு ரப்பருக்காக முழுப் படகும் மண்ணில் கிடக்கிறது.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஏரிக் கரைகளில் பல ஆண்டுகளாக ஆயிரக் கணக்கானோர் அனுபவித்துவரும் தொல்லை. "மோட்டார் படகு வைத்திருப்பவன் பணக்காரன்; அவன் கஷ்டம் ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாட்டில் இருபது, முப்பது வருஷத்துப் பழைய படகை இரண்டாங்கையாக, மூன்றாங்கையாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறவன் பெரும்பாலும் நம்மைப் போல வேலை செய்து பிழைக்கிறவனே. பணக்காரன் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்கிறான். பாகம் தேடி அலைகிறவன் ஏழை. மேலும், யந்திரம் செய்கிற முதலாளி கதவைச் சாத்திவிட்டால் அந்த யந்திரத்தை நம்பியவன் கதி என்ன என்ற கேள்வி படகுக்கு மட்டும் உரியதல்ல. கிணற்று மேட்டில் நிற்கும் ஆயில் என்ஜினுக்கும் ஆலையில் ஓடும் கதிர் யந்திரத்துக்கும் அதே கேள்விதான்.

யார் அந்தக் கம்பெனி?

படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டாரை முதன்முதலில் பெருவாரியாக விற்றுக்காட்டியவர்களில் ஒருவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்கா போய், மில்வாக்கி நகரில் பட்டறை வேலை பார்த்தவர். 1909 இல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது. 1920களில் ஜான்சன் சகோதரர்கள் இன்னொரு மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். 1930களில் இரண்டும் ஒரே கம்பெனிக்குள் வந்தன. அதுதான் பின்னாளில் அவுட்போர்டு மெரைன் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஓ.எம்.சி. மிச்சிகன் ஏரிக் கரையில் உள்ள வாக்கீகன் நகரம் அதன் தலைமையிடம். எவின்ரூட், ஜான்சன் என்ற இரண்டு பெயர்களும் உலகத்தின் ஏரிகளிலும் கடல்களிலும் ஒரு காலத்தில் ஆட்சி செய்தன.

அந்த நகரத்துக்குக் கம்பெனி கூலி மட்டும் கொடுக்கவில்லை, நஞ்சையும் கொடுத்தது. அச்சுவார்ப்பு யந்திரங்களில் 1961 முதல் 1972 வரை பயன்படுத்திய எண்ணெயில் பி.சி.பி. என்ற விஷ இரசாயனம் இருந்தது. அது வாக்கீகன் துறைமுகத்துக்குள் போய், அடிமண்ணில் படிந்தது. அதைத் தோண்டி எடுக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது.

1997 இல் கிரீன்மெரைன் ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டுக் கூட்டம் கம்பெனியை வாங்கிற்று. புகையைக் குறைக்கவேண்டும் என்று 1996 இல் அமெரிக்க சர்க்கார் போட்ட விதிக்கு ஏற்ப என்ஜின்களை மாற்றவேண்டிய நேரம் அது. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் குடிக்கும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே வெளியே தள்ளக்கூடியவை. ஆகவே அந்த விதி தேவையான விதிதான். அதற்காகக் கொண்டுவரப்பட்ட 'ஃபிக்ட்' என்ற புதிய எரிபொருள் முறை ஆரம்பத்தில் பெருந்தொல்லை கொடுத்தது. என்ஜின்கள் பழுதாகித் திரும்பி வந்தன. கடன் ஏறிற்று. 2000 டிசம்பர் 22 ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வேலை போயிற்று. பண்டிகைக்கு வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன் கையில் வேலை நீக்கக் கடிதம் வந்து விழுந்தது.

அன்று தெருவில் விடப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன், அந்த மோட்டாரைச் செய்தவன். மற்றவன், அந்த மோட்டாரை வாங்கியவன். திவால் சட்டத்தின் வரிசையில் அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவன் முன்னால் நிற்கிறான். வாரண்டிக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவன் பின்னால் நிற்கிறான். பின்வரிசைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கை மாறிய பெயர்கள்

2001 தொடக்கத்தில் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தன. மோட்டார்த் தொழிலைக் கனடாவின் பம்பார்டியர் கம்பெனி வாங்கிற்று. படகு கட்டும் பிரிவுகளை ஜென்மார் என்ற கம்பெனி வாங்கிற்று. அந்த ஜென்மாரும் 2009 இல் திவாலாயிற்று! மோட்டார் உற்பத்தி விஸ்கான்சின் மாநிலத்தின் ஸ்டர்டிவன்ட் ஊரில் மறுபடி தொடங்கிற்று. 2003 இல் அந்தப் பிரிவு பி.ஆர்.பி. என்ற தனிக் கம்பெனியாக விற்கப்பட்டது. 2007 இல் ஜான்சன் பெயர் கைவிடப்பட்டது. 2020 மே மாதம் 27 ஆம் தேதி, கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி எவின்ரூட் மோட்டார் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. உதிரி பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று கம்பெனி அப்போது அறிவித்தது. ஆனால் எந்தப் பாகம், எத்தனை காலம், என்ன விலைக்கு? அதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு! எத்தனை வார்ப்படத் தொழிலாளி, எத்தனை லேத் தொழிலாளி, எத்தனை பிட்டர் சேர்ந்து உண்டாக்கிய அறிவு! அது ஒரு காகிதத்தில் கையெழுத்தாகி ஒருவன் பெட்டியிலிருந்து இன்னொருவன் பெட்டிக்குப் போகிறது. லாபம் வந்தவரை திறந்திருந்த பெட்டி, லாபம் நின்றதும் பூட்டப்படுகிறது.

பாகம் எப்படிக் கிடைக்கிறது?

அப்படியிருந்தும் அந்தப் பழைய படகுகளில் பல இன்றும் ஓடுகின்றன. எப்படி? இதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் பாடம்: பெயரைச் சொல்லிப் பாகம் கேட்காதே, எண்ணைச் சொல்லிக் கேள். "ஜான்சன் எழுபது குதிரை சக்தி" என்று மட்டும் சொன்னால் கடைக்காரனுக்கு ஒன்றும் விளங்காது. வருஷத்துக்கு வருஷம் உள்ளே மாறியிருக்கும். மோட்டாரைப் பலகையில் பிடிக்கும் தாங்கியில் ஒரு தகடு இருக்கும். மாடல் எண் அதில் இருக்கிறது. தகடு போயிருந்தால், பல மாடல்களில் என்ஜின் உடம்பில் அடித்திருக்கும் வட்டமான உலோக மூடியில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்துப் பார்க்கவேண்டும்.

1980 முதல் ஓ.எம்.சி. மோட்டார்களின் வருஷத்தை எழுத்தில் மறைத்து வைத்தார்கள். 'இன்ட்ரடியூசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் பத்து எழுத்துகள், ஒன்றுபோல் ஒன்றில்லை. முதல் எழுத்து 1, இரண்டாவது 2 என்று போய், பத்தாவது எழுத்து 0. மாடல் எண்ணின் கடைசியில், திருத்தத்தைக் குறிக்கும் எழுத்தை விட்டுவிட்டு, 'சி', 'ஆர்' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால், எட்டாவது எழுத்தும் நாலாவது எழுத்தும், ஆக 84. அந்த மோட்டார் 1984 ஆம் வருஷத்து மாடல். இந்தச் சாவி தெரியாமல் தவறான பாகத்தை வாங்கிப் பணத்தைத் தண்ணீரில் போட்டவர்கள் உண்டு.

பாகத்துக்கும் எண் உண்டு. ஓ.எம்.சி.யின் பழைய ஆறு இலக்க எண்ணுக்கு முன்னால் புதிய உடைமைக்காரர்கள் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து ஏழு இலக்கமாக்கினார்கள். பழைய புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே கேட்டு "இல்லை" என்று பதில் வாங்கியவர், பூஜ்யத்தைச் சேர்த்துக் கேட்டால் பாகம் கிடைக்கக்கூடும். ஓர் எண்ணுக்குப் பதிலாகப் பின்னால் வேறு எண் வந்திருப்பதும் உண்டு. ஆகவே ஒரு தடவை "இல்லை" என்றதும் திரும்பிவிடக் கூடாது.

இரண்டாம் பாடம்: பெட்டியின் மேல் இருக்கும் பெயர் பாகத்தைச் செய்தவன் பெயர் அல்ல. படகின் உள்ளே என்ஜினும் வெளியே கியர்ப் பெட்டியுமாக ஓ.எம்.சி. விற்ற ஸ்டெர்ன் டிரைவ் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் இருந்த என்ஜின் பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் அல்லது போர்டு கம்பெனியின் கார் என்ஜின்தான்! மேலே ஓ.எம்.சி. பெயின்ட் அடித்திருக்கும், உள்ளே இருக்கும் பிஸ்டனும் ரிங்கும் வால்வும் பலவற்றில் கார் கடையில் கிடைக்கக்கூடியவை.

பேரிங்கும் அப்படியே. 6205 என்று பொறித்த பேரிங்கு எந்தக் கம்பெனிப் பெட்டியில் வந்தாலும் உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வந்துவிடுகிறது. இதை நம் ஆலை பிட்டர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆயில் சீலிலும் மூன்று அளவுகள்தான். அளந்து கேட்டால், படகுக் கம்பெனி தன் முத்திரை போட்டு விற்பதைக் காட்டிலும் குறைந்த விலைக்குப் பேரிங்கு கடையிலேயே கிடைக்கலாம். முத்திரைக்காக நாம் கொடுக்கும் காசு யந்திரத்துக்குள் போவதில்லை.

மூன்றாம் பாடம்: மற்றவர்கள் செய்யும் பாகம். தண்ணீர்ச் சக்கரம், காஸ்கெட், கார்ப்பரேட்டர் ரிப்பேர் செட், எரிபொருள் பம்பு உறை முதலியவற்றை சியரா போன்ற வேறு கம்பெனிகள் இந்தப் பழைய மோட்டார்களுக்காகச் செய்து விற்கின்றன. அடிக்கடி தேயும் பாகங்களுக்கு எப்போதும் கிராக்கி உண்டு; ஆகவே அவற்றைச் செய்ய ஆள் வருகிறார்கள்.

கிடைக்காதவை எவை? தேயாதவை; எப்போதாவது ஒரு முறை உடைபவை. கியர்ப் பெட்டியின் வார்ப்படம், குறிப்பிட்ட பல் எண்ணிக்கை உள்ள கியர், பொறி கொடுக்கும் மின்பெட்டி முதலியன. பழைய ஓ.எம்.சி. வகைகள் சிலவற்றில் கியர் மாற்றுவதற்கு மின்காந்தச் சுருள்களைக் கியர்ப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதற்கென்று தனியான மெல்லிய எண்ணெய் உண்டு. அது தெரியாமல் சாதாரணத் தடித்த கியர் எண்ணெயை ஊற்றினால் கியர் சரியாகப் பிடிக்காது. பாகம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கிடைக்காத சுருளைத் தேடி அலைந்தவனுக்கு உண்மையில் வேண்டியிருந்தது சரியான எண்ணெய்தான்! யந்திரத்தை விற்றவன் போய்விட்டால் அதைப் பற்றிய அறிவும் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நான்காம் பாடம்: செத்த என்ஜின் உயிருள்ள என்ஜினுக்குப் பாகம் தரும். உடல் உடைந்த படகுகள் குவிந்து கிடக்கும் பழைய சாமான் கிடங்குகளுக்குப் போய், அதே மாடலைத் தேடிக் கழற்றி வருகிறார்கள். சாமர்த்தியசாலி ஒரு மோட்டாருக்கு ஒரு மோட்டார் என்று ஓடாத ஜோடி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறான். உப்புத் தண்ணீரில் ஓடியதா, ஏரியில் ஓடியதா என்று கேட்டுத்தான் வாங்கவேண்டும். உப்பு, அலுமினியத்தை உள்ளேயே தின்றிருக்கும்.

இதற்கும் மேலாக மனிதர்கள் இருக்கிறார்கள். 1965 இல் அமெரிக்காவில் பழைய அவுட்போர்டு மோட்டார்க்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவனிடம் உள்ள பாகம் இன்னொருவனுக்கு, ஒருவனுக்குத் தெரிந்த வித்தை எல்லோருக்கும். கம்பெனிகள் பிறந்தன, இறந்தன, சங்கம் நிற்கிறது. தனியாகத் தேடினால் கிடைக்காதது சேர்ந்து தேடினால் கிடைக்கிறது.

எங்கே சிக்கனம் கூடாது?

ஆனால் ஓர் எச்சரிக்கை. கார்ப் பாகம் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் படகில் மாட்டிவிடக் கூடாது. காரின் அடிப்பாகம் திறந்திருக்கிறது. கசிந்த பெட்ரோல் ஆவி காற்றில் போய்விடும். படகின் அடிவயிறு மூடிய தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அங்கேயே தங்கி நிற்கும். கார் ஸ்டார்ட்டரோ கார் ஆல்டர்னேட்டரோ உள்ளே ஒரு பொறியைக் கக்கினால் போதும், படகு வெடித்துவிடும். ஆகவேதான் படகுக்கான மின்சாதனங்களைப் பொறி வெளியே வராதபடி மூடிச் செய்கிறார்கள். அமெரிக்கச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கார்ப்பரேட்டரும் எரிபொருள் பம்பும் அப்படியே. படகுக்கென்று செய்யப்பட்டவை பெட்ரோலைப் படகுக்குள் சிந்தாதபடி அமைந்தவை. பணம் மிச்சம் என்று உயிரை அடமானம் வைக்கக் கூடாது.

சிறிய பழைய மோட்டார்களின் விசிறியில் ஷியர் பின் என்ற மெல்லிய பித்தளை ஊசி ஒன்று உண்டு. விசிறி பாறையில் மோதினால் அது முறிந்து கியரைக் காப்பாற்றும். ஊசி கிடைக்கவில்லை என்று இரும்பு ஆணியைச் செருகுகிறவர்கள் உண்டு. அடுத்த மோதலில் ஆணி நிற்கும், கியர் போகும். நாலணா ஊசிக்குப் பதிலாகக் கிடைக்கவே கிடைக்காத கியரைப் பலி கொடுத்ததாக முடியும்.

நமக்கு என்ன?

கன்னியாகுமரிக் கரையில் வள்ளத்தின் பின்னால் மோட்டாரை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகும் மீனவத் தோழனைக் கேளுங்கள். அவனுடைய மோட்டார் விளையாட்டுப் பொருள் அல்ல; அடுப்பு. அது வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்கு. பாகம் கிடைக்காத நாட்கள் அவனுக்குப் பட்டினி நாட்கள். நடுக்கடலில் நின்றுவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. டிராக்டருக்கும் கதிரறுக்கும் யந்திரத்துக்கும் பாகம் வராமல் அறுவடை நின்றால், கூலியை இழக்கிறவன் விவசாயத் தொழிலாளி. ஸ்பிண்டில் நின்றால் 'வேலையில்லை' என்று வாசலில் நிறுத்தப்படுகிறவன் ஆலைத் தொழிலாளி. பாகம் இல்லாத நஷ்டம் எங்கே சுற்றினாலும் கடைசியில் உழைக்கிறவன் தலையில்தான் விடிகிறது.

உலகத்தில் இதற்கு எதிராகக் குரல் எழுந்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2023 இல் விவசாய யந்திரங்களுக்கான பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. பாகத்தையும் கருவியையும் விவரப் புத்தகத்தையும் விவசாயிக்கும் வெளிப் பட்டறைக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் இது பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்ற நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. நல்லது. ஆனால் அந்த நாலில் மீனவனுடைய படகு மோட்டார் எங்கே? ஆலை யந்திரம் எங்கே?

நாம் கேட்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை.

யந்திரம் விற்கிறவன், விற்பனையை நிறுத்திய பிறகும் இத்தனை வருஷம் பாகம் தருவேன் என்று விற்கும்போதே எழுதிக் கொடுக்கவேண்டும்.

பாகம் தருவதை நிறுத்துகிற அன்று, அதன் வரைபடங்களையும் அளவுகளையும் பொதுவில் வைக்கவேண்டும். நம் லேத் பட்டறைகளில் அதைச் செய்துகொள்ளும் கைகள் இருக்கின்றன.

பேரிங்கு, சீல், திருகு முதலியவற்றின் பொது அளவை முத்திரைக்குப் பின்னால் மறைக்கக் கூடாது.

கம்பெனி திவாலானால், வரைபடங்களும் அச்சுகளும் கடன்காரனுடைய ஏலப் பொருளாக மட்டும் போகக் கூடாது. தொழிலாளியின் சம்பளப் பாக்கியும், வாங்கியவனுக்கு வேண்டிய பாகமும் முன்வரிசையில் வைக்கப்படவேண்டும்.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமத்துக்குக் கிராமம் பாகக் கிடங்கு வைக்கவும், பழைய மோட்டார்களைக் கழற்றிப் பாகம் சேர்க்கவும் சர்க்கார் பணம் ஒதுக்கவேண்டும்.

இவை கிடைக்கும்வரை நாம் சும்மா இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆலையிலும் ஓய்வு பெறப்போகும் பிட்டர் ஒருவர் இருக்கிறார். எந்த என்ஜினுக்கு எந்த பேரிங்கு, எந்த சீலுக்குப் பதில் எந்த சீல் என்று அவர் மனதில் ஒரு பெரிய புத்தகமே இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போகும் முன் அதை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். சங்க அலுவலகத்தில் வையுங்கள், கேட்கிறவனுக்குக் காட்டுங்கள்.

வாக்கீகன் தொழிற்சாலை மூடப்பட்ட அன்று அந்த மோட்டாரின் இரகசியம் பெட்டியில் பூட்டப்பட்டது என்று ஏலம் எடுத்தவர்கள் நினைத்திருக்கலாம். அது முழுவதும் அங்கே இல்லை. அந்த மோட்டாரைச் செய்த கைகளிலும் கழற்றிப் பூட்டிய கைகளிலும் அது இருந்தது. அதனால்தான் கம்பெனி இல்லாமலும் அந்தப் படகுகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.